விடுப்பில் போன குமாஸ்தா

1912 மார்ச் 1ஆம் தேதி மதராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் ஒரு புதுக் குமாஸ்தா சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை, மாதம் 30 ரூபாய். அதற்கு முந்தைய வேலை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில். 20 ரூபாய், அதுவும் தற்காலிகம், சில வாரத்தோடு சரி. சம்பளக் கணக்கில் பார்த்தால் நல்ல மாற்றம்தான். ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியேறினார். வடக்கே கொஞ்சம் நடந்தால் ராயபுரம். பதினான்கு மாதத்தில் அந்த மேசையை விட்டு எழுந்துவிட்டார். பெயர் சீனிவாச ராமானுஜன்.

கல்லூரி விழா மேடைகளில் இந்தக் கதை வேறு மாதிரி வரும். கோப்புகளுக்கு நடுவில் புழுங்கிக்கொண்டிருந்த மேதை, பிடிக்காத வேலையை உதறிவிட்டு மனம் சொன்ன வழியே போனார், நீங்களும் போங்கள் என்று பேச்சாளர் முடிப்பார். கைதட்டல் விழும். ஆவணங்களில் இருக்கும் ராமானுஜன் அவ்வளவு துணிச்சல்காரர் இல்லை; அதைவிட விவரமானவர்.

முதலில், அந்த வேலையைத் தேடிப் போனவரே அவர்தான். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து, கணக்குப் போட்டுக்கொண்டிரு, வேறெதுவும் வேண்டாம் என்று வைத்திருந்தார். பிடித்த வேலை, கையில் காசு, கேட்க ஆளில்லை. இன்று பலர் கனவு காணும் ஏற்பாடு. அடுத்தவர் காசில் நெடுநாள் உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பாமல்தான் துறைமுகத்துக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டாவது, போர்ட் டிரஸ்ட் அவருக்குச் சிறையாக இருக்கவில்லை. மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இந்தியக் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். மாலை நேரங்களில் இருவரும் சிலேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்தக் குமாஸ்தா யார் என்பதைத் தெரிந்துகொண்டு அவருக்குத் துணை நின்றார். 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன புகழ்பெற்ற கடிதத்தை எழுதியவர் தன்னைப் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார்.

மூன்றாவது விஷயம் மேடைப் பேச்சில் வருவதே இல்லை. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் அவரை ஆய்வு மாணவராக எடுத்துக்கொண்டபோது அவர் ராஜினாமா செய்யவில்லை. சம்பளமில்லா விடுப்பில் போனார். ஆய்வு கைகூடாமல் போனால் திரும்பி வந்து உட்கார அந்த நாற்காலி இருந்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி ‘நெவாசா’ கப்பல் ஏறும்போதும் அதே நிதானம்: இங்கிலாந்துக்கு ஒதுக்கிய ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையில் 50 பவுன், இங்கே இருக்கும் குடும்பத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்.

ஆக, இரண்டரை ஆண்டுக்குள் மூன்று மாற்றங்கள். ஒவ்வொன்றிலும் பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு மாற்றத்தை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்வது ராமானுஜனுக்கு அநியாயம். கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களுக்கு அதைவிட அநியாயம். அவர் போன இடத்தில் மகிழ்ச்சி கிடைத்ததா என்பதும் நேரான பதில் இல்லாத கேள்வி. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். போர்க்காலத்துக் குளிரும் உணவும் தனிமையும் உடம்பைக் கெடுத்தன. 1919இல் நோயாளியாகத் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டு வயதில் சேத்துப்பட்டில் இறந்தார். சாதனை ஒரு தட்டு, சுகம் இன்னொரு தட்டு. வேலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

சாதாரண மனிதருக்கு வருவோம். வேலை மாறினால் மகிழ்ச்சி கூடுமா என்று கேட்டு அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெண்டி பாஸ்வெல் உள்ளிட்ட மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க உயர் மேலாளர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வேலையை விடுவதற்கு முன் மனநிறைவு தரைதட்டியிருக்கிறது. புது இடத்தில் சேர்ந்ததும் சரேலென்று ஏறுகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பாட்டிமார் சொன்னதற்கு வரைபடம் போட்டுக் காட்டியது போல. ஆனால் இதை மட்டும் வைத்து, எங்கே போனாலும் அதே கதிதான், இருக்கிற இடத்தில் இரு என்று முடிவு கட்டிவிட முடியாது. சிகாகோ பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் செய்த வினோதமான சோதனை எதிர்ப்பக்கம் சாய்கிறது. வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவெடுக்க முடியாமல் திண்டாடியவர்களை இணையத்தில் காசு சுண்டச் சொன்னார். தலை விழுந்தால் மாற்று, பூ விழுந்தால் இரு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுண்டல்கள். வேலையை விடலாமா என்பது அதில் முக்கியமான கேள்விகளில் ஒன்று. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாற்றத்தைச் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள்.

முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெவிட்டின் காசைச் சுண்டியவர்கள் ஏற்கெனவே பாதி மனத்தால் வெளியேறியவர்கள். தயக்கம் ஒன்றுதான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. அளவீடும் ஆறு மாதத்தோடு நிற்கிறது. பாஸ்வெல் காட்டும் இறக்கம் அதன் பிறகும் நடக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காசைச் சுண்டி வேலையை விடக்கூடிய நிலையில் இருப்பவர் யார்? அடுத்த மாத வாடகைக்கு வழியுள்ளவர்.

புது இடத்தில் மகிழ்ச்சி இறங்குவதற்குக் காரணம், மாறியது ஒன்று, வலித்தது வேறொன்று என்பதுதான் பெரும்பாலும். சம்பளம் இரண்டாயிரம் கூடியிருக்கும்; வலித்தது சூப்பர்வைசரின் வாயாக இருந்திருக்கும். வேலை உளவியலில் எனக்கு இன்றும் பயன்படுவதாகப் படுவது ராபர்ட் கரசெக் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையின் எளிய கருத்து. வேலை கடினமாக இருப்பதால் மட்டும் ஆள் நொறுங்குவதில்லை. கடினமான வேலையில் தன் கைக்கு எந்த முடிவும் இல்லாதபோதுதான் நொறுங்குகிறான். ஸ்வீடன், அமெரிக்கத் தரவுகளை வைத்து அவர் சொன்னதை ஜீரோ கேட் அருகே நின்றால் கண்ணால் பார்க்கலாம். சென்னைத் துறைமுகத்தின் அந்த வாசலை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் காட்சி வடசென்னைக்காரர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். டிரைவருக்கு டிரிப் கணக்கில் காசு. வண்டி நகர்ந்தால் வருமானம். நிற்கும் நேரத்துக்குப் பெயரில்லை. தூங்க முடியாது, முன்னால் வண்டி நகர்ந்தால் நகர்த்த வேண்டும். இறங்கிப் போக முடியாது. ஓட்டுகிற வேலை அவருக்குப் பிடித்தே இருக்கலாம், நிற்கிற வேலை பிடிக்காது. இவர் இந்தக் கம்பெனி டிரெய்லரை விட்டு அந்தக் கம்பெனி டிரெய்லருக்கு மாறினால் வரிசை மாறுவதில்லை. ஊருக்குள் ஓடும் வண்டிக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், மாறினால் வலித்த இடமே போய்விடும். இதே துறைமுகத்துக்குள் கேண்ட்ரி கிரேன் ஓட்டுகிறவரின் வேலை கழுத்து ஒடியும் வேலை. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் குனிந்தபடியே மணிக்கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் கை அவருடையது. அந்த வித்தியாசத்தைச் சம்பளப் பட்டியல் காட்டாது.

பயண நேரமும் இப்படிக் கணக்கில் ஏறாமல் போகிற ஒன்று. டேனியல் கானமன் குழு 2004இல் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை மணி வாரியாகச் சொல்லச் சொன்னது. நாளின் நடவடிக்கைகளில் மனம் மிகவும் சோர்ந்திருந்த நேரம், காலையில் வேலைக்குப் போகும் பயணம். ஜெர்மனித் தரவுகளை ஆராய்ந்த ஸ்டட்சரும் பிரையும், நெடும் பயணத்தின் இழப்பைக் கூடுதல் சம்பளம் முழுதாக ஈடுகட்டுவதில்லை என்று கண்டார்கள். 2021 பிப்ரவரி 14இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது திருவொற்றியூர்ப் பெண்ணுக்குக் கிண்டி வேலை கைக்கெட்டும் வேலை ஆனது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் அப்படி ஆகவில்லை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போய், ஷிப்ட் முடித்து, இருட்டியபின் இறங்குகிறவர்கள் ராயபுரத்தில் தூங்க மட்டும் வருகிறார்கள்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? வேலை இங்கேதான் இருந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தது பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. அதே திருவொற்றியூரில் 1956 முதல் என்ஃபீல்டு புல்லட். விம்கோ தீப்பெட்டி இல்லாமல் போனபிறகும் விம்கோ நகர் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் 31 அன்று நின்றது. பெரம்பூர் பி அண்டு சி மில் 1996இல் மூடியது. இந்தத் தொழிற்சாலைகளில் ‘பர்மனென்ட்’ ஆன ஒருவர் வேலை மாறலாமா என்று யோசித்ததே அபூர்வம். கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்ற பழமொழிக்கு வடசென்னையில் ஒரு துணை வாக்கியம் உண்டு: கம்பெனி பர்மனென்ட். பெண் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல் வீட்டுப் பத்திரத்துக்குச் சமம்.

அந்தத் தலைமுறை மகிழ்ச்சியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மகிழ்ச்சி இல்லாதபோது அவர்கள் செய்தது வேறு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய சிறிய புத்தகத்தில், ஒரு நிறுவனம் கெட்டுப்போனால் அதிலிருப்பவர்களுக்கு இரண்டு வழி என்றார்: வெளியேறுவது, அல்லது வாய் திறப்பது. பி அண்டு சி தொழிலாளர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1918 ஏப்ரல் 27இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் இருந்தார்கள், சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது தொடக்கக் குறைகளில் ஒன்று. அந்தக் குறைக்காக யாரும் மில்லை விட்டுப் போகவில்லை. மில்லை மாற்றப் பார்த்தார்கள்.

இன்று அதே தெருக்களில் கேள்வி தலைகீழாக நிற்கிறது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் இந்திரா காந்தி கன்டெய்னர் முனையத்தைத் திறந்து வைத்தார். 2001இல் அது தனியார் கைக்குப் போனது. மூட்டை தூக்கிய கைகளுக்குப் பதில் பெட்டி தூக்கும் இயந்திரம். துறைமுகத்தைச் சுற்றிக் கன்டெய்னர் கிடங்குகள், அவற்றில் லாஷிங், லோடிங், டேலி, செக்யூரிட்டி என்று காண்ட்ராக்ட் வேலைகள். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. நல்ல சட்டம். 480 நிறையுமுன் ஆளை நிறுத்துவதும், காண்ட்ராக்டரின் பெயரை மாற்றி அதே ஆளை மறுபடி எடுப்பதும் தொழிற்சங்கங்கள் பல காலமாகச் சொல்லும் புகார். எனவே இங்கே ஒரு இளைஞர் மூன்று ஆண்டில் நான்கு இடம் மாறியிருந்தால் அவர் மனம் அலைபாய்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதி மாற்றத்தை அவர் செய்யவில்லை, அவருக்குச் செய்தார்கள். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால், எங்க இருந்தா என்ன, லோடு ஒண்ணுதான் என்பார்கள். போகும்போது இருநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போகிறார்கள். அது மகிழ்ச்சியைத் தேடிப் போவதல்ல. ஒரே வேலையின் வேறு வேறு வாசல்களில் நுழைவது.

இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றிய மிக நேர்மையான சோதனை எத்தியோப்பியாவில் நடந்தது. கிறிஸ் பிளாட்மன், ஸ்டெஃபான் டெர்கான் இருவரும் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் யாருக்குத் தொழிற்சாலை வேலை, யாருக்குச் சுயதொழில் செய்யப் பணமும் பயிற்சியும் என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தார்கள். தொழிற்சாலைக்குப் போனவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே ஆண்டில் வெளியேறிவிட்டார்கள். தெருவில் கிடைக்கும் வேலையைவிடச் சம்பளம் அதிகமில்லை. உடம்புக்கு ஆபத்து அதிகம். சுயதொழில் பணம் பெற்றவர்களின் வருமானம் முதல் ஆண்டில் நன்றாகவே உயர்ந்தது. இதோடு கதை முடிந்திருந்தால் ‘வேலையை விடு, தொழில் தொடங்கு’ என்னும் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் மறைந்திருந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் கடல் தொழில் எந்த அட்டவணைக்கும் அடங்காது. அமெரிக்க மானிடவியலாளர் ரிச்சர்ட் பால்நாக் நியூ இங்கிலாந்து மீனவர்களிடம் தொடங்கிப் பல நாட்டு மீனவர்களிடம் கண்டது: வருமானம் குறைந்தாலும் ஆபத்து கூடினாலும் அவர்கள் எளிதில் தொழிலை விடுவதில்லை. சவாலும் சுதந்திரமும் கரையில் கிடைக்காது என்கிறார்கள். மார்ட்டன் பாவிங்க் இதே கேள்வியோடு சென்னை இறால் இழுவைப் படகுக்காரர்களை ஆராய்ந்து 2012இல் கட்டுரை எழுதினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது கிடங்கில் லோடு ஏற்றப் போகிற இளைஞருக்கு, ஆண்டுதோறும் ஒரு சோதனைக் காலம் தானாகவே கிடைக்கிறது. வேறு வேலையை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்; படகில் இடம் இருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் இதற்கு ‘சபாட்டிக்கல்’ என்று பெயர் வைத்துப் பெரிய மனது பண்ணிக் கொடுக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால், விடுவதற்கு முன் சில்லறையை எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டும் ஏழு மாதமும் முடித்த பிட்டர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 ரூபாய். வேறிடத்தில் கூப்பிடுகிறார்கள், உடனே வா என்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி ஐந்தாண்டு சேவைக்கு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதுவே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்று எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டி பூஜ்யம். இரண்டு மாதம் பொறுத்தால் 18,000ஐப் பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, ஐந்தால் பெருக்க வேண்டும்: சுமார் 51,900 ரூபாய். புது இடத்தில் மாதம் இரண்டாயிரம் கூட என்றால், அந்தத் தொகையைப் பிடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனமே நேரடியாகக் குறித்த காலத்துக்கு எடுத்த தொழிலாளிக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை தருகிறது. வேலை ஆணையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் யாரும் விலகல் கடிதம் எழுதக் கூடாது. பி.எஃப். விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை மாறும்போதும் இருக்கிற பணத்தை எடுத்து அக்கா கல்யாணத்துக்கோ வட்டிக்காரருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். அதை எட்டுமுன் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துபோகும். அதே யு.ஏ.என். என்னும் பி.எஃப். எண்ணில் மாற்றிக்கொண்டால் தொடரும். ராமானுஜனுக்கு மேலதிகாரிகள் கட்டிக் கொடுத்த கயிற்றை இவர்கள் தாங்களே இப்படி முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாக் கணக்கும் போட்டபின், போகலாம் என்று வந்தால் போவதுதான் சரி. கைக்கு முடிவில்லாத வேலையில், உடம்பு கெடும் வேலையில், மரியாதை இல்லாத இடத்தில் பத்தாண்டு ஓய்வூதியத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிரு என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் எனக்குத் தீரவில்லை: விட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் போக விரும்பினார்கள்?

அச்யுதா அத்வர்யு, தெரசா மோலினா, அனந்த் நிஷாதம் ஆகியோர் கர்நாடக ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இதைத் தொட்டுப் பார்த்தார்கள். 2016இல் குறைந்தபட்சக் கூலி உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து தொழிலாளர்கள் ஏமாந்திருந்த நேரம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேரிடம், வேலை, கூலி, சூப்பர்வைசர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பெயர் வெளியே தெரியாதபடி கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே, அடுத்த மாதங்களில் வேலையை விட்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். அங்கே கேட்பதற்கு ஒரு முதலாளியாவது இருந்தார். கிடங்குக்குள் சப்-காண்ட்ராக்டரின் ஆளாக நிற்பவருக்குக் கூலி கொடுப்பவர் ஒருவர், வேலை சொல்பவர் இன்னொருவர், பெட்டிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். குறை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர் இவர்களில் யார் என்பதை எந்தக் காண்ட்ராக்ட் தாளிலும் எழுதுவதில்லை.